பிரிட்ஜை ஏற்றிக்கொண்டு அதிராம்பட்டினம் வரை

வீட்டு பிரிட்ஜை வேனில் ஏற்றினால் ஓடுமா என்று பலபேர் கேட்கிறார்கள். ஓடும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஊர் திருவிடைமருதூர் பக்கம். குவைத்தில் ஒரு அரபி வீட்டில் டிரைவராக இருந்தேன். குளிர் காலம் வந்தால் அந்த வீட்டார் பாலைவனத்தில் போய்க் கூடாரம் அடிப்பார்கள். கூடவே ஒரு பெரிய வண்டி வரும். உள்ளே கட்டில், அடுப்பு, ஆளுயர பிரிட்ஜ். வெளியே ஜெனரேட்டர் ஓடும். மணலுக்கு நடுவில் ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டு, ஊருக்குப் போனதும் இப்படி ஒன்று செய்யவேண்டும் என்று நினைத்தேன். அந்த வீட்டில் சமையலுக்கு இருந்தவர் ஜமால். அதிராம்பட்டினத்துக்காரர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறை.

ஊர் திரும்பினேன். வயலைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடி ஓய்ந்த வேன் ஒன்று விலைக்கு வந்தது. வாங்கி சீட்டுகளைக் கழற்றினேன். ஒரு பெஞ்சுக் கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம் வைத்தேன். பிரிட்ஜ்தான் பாக்கி. அடுக்களையில் ஒன்று சும்மா நிற்கிறதே என்று பார்த்தேன்.

"அது என் பிரிட்ஜ்" என்றாள் என் மனைவி செல்வி.

"போயிட்டு வந்துடும்."

"அது போனா நானும் வருவேன். தனியா விடமாட்டேன்."

கல்யாணம், சாவு தவிர வேறெதற்கும் ஊர் எல்லை தாண்டாதவள். பிரிட்ஜுக்குக் காவலாகக் கிளம்பினாள்.

இதுவும் கல்யாணம்தான். ஜமாலின் மகளுக்கு நிக்காஹ். மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் பசியாற வருவார்கள். காலைச் சாப்பாட்டை அங்கே பசியாற என்றுதான் சொல்வார்கள். ஜமால் போனில் சொன்னார்.

"மச்சான், பிரியாணியெல்லாம் எங்க ஆளுங்க பாத்துக்குவாங்க. பசியாற மட்டும் உங்க வீட்டு இட்லியும் கடப்பாவும். தங்கச்சி கையால. சம்பந்தி வீட்ல சொல்லிட்டேன். மாத்திடாதீங்க."

குவைத்தில் வெள்ளிக்கிழமைகளில் நான் இட்லி ஊற்றுவேன். கல்லாக இருக்கும். "உங்க வீட்ல எப்படி இருக்கும் மச்சான்" என்று கேட்பார் ஜமால். பஞ்சு மாதிரி என்பேன். அந்தப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கடப்பா எங்கள் பக்கத்துக் குழம்பு. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய். அதை அங்கே போய் வைத்துக்கொள்ளலாம். மாவுதான் சிக்கல்.

"நம்ம அரிசி, நம்ம கிரைண்டர், நம்ம தண்ணி. இங்கதான் ஆட்டுவேன்" என்றாள் செல்வி. வேதாரண்யம் போய்க் கடல் பார்த்துவிட்டு அப்படியே போகலாம் என்றேன் நான். இரண்டு பேரும் பிடித்த பிடியை விடவில்லை. ஆக, மாவு வண்டியிலேயே இரண்டு ராத்திரி புளிக்காமல் இருக்கவேண்டும்.

செல்வியின் தம்பி பாஸ்கர் சிரித்தான். "மாமா, வேதாரண்யம் போறதுக்குள்ள பொங்கிப் புளிச்சிடும். சம்பந்தி வீட்டு ஆளுங்க ஒரு வாய் வச்சிட்டு எந்திரிச்சிட்டா ஜமால் பாய் மூஞ்சியை எங்க வச்சிக்குவாரு?"

"பிரிட்ஜ் எதுக்கு இருக்கு?" என்றேன்.

கரண்டு போனால் ஃபேன் ஓட வீட்டில் ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் உண்டு. அதையும் கழற்றி வேனில் வைத்தேன். வண்டி ஓடும்போது இஞ்சின் கொஞ்சம் சார்ஜ் ஏற்றும். நிற்கிற இடத்தில் யார் வீட்டிலாவது ஒயர் செருகவேண்டும். இன்வெர்ட்டரில் ஓடும்போது பிரிட்ஜ் முனகுகிறது. வீட்டில் அந்தச் சத்தம் வந்ததில்லை. ஆனால் ஓடுகிறது.

ஏற்றும்போது செல்வி சொன்னாள். "தெக்கப் பார்த்து வைக்காதீங்க. ஆகாது."

"வண்டி திரும்புனா அதுவும் திரும்பும்க்கா" என்றான் பாஸ்கர்.

"கிளம்பும்போது எங்க பார்க்குதுங்கறதுதான் கணக்கு. கிழக்கப் பார்த்து வை."

வேன் வடக்கே பார்த்து நின்றது. கிழக்கு என்றால் பிரிட்ஜ் கதவு வண்டிக்குக் குறுக்கே பார்க்கும். அப்படியே வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். அரைத்த மாவை விடிகாலையில் பாத்திரம் பாத்திரமாக அடுக்கினாள். பிரிட்ஜுக்குப் பொட்டு வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

முதல் வளைவிலேயே கதவு திறந்துகொண்டது. தக்காளி உருண்டு என் காலடிக்கு வந்தது. ஊறுகாய் பாட்டில் போன இடம் தெரியவில்லை.

"நிறுத்துங்க" என்றது செல்வியின் குரல். திரும்பிப் பார்த்தேன். மாவுப் பாத்திரங்களுக்கு முட்டுக் கொடுத்து பிரிட்ஜுக்குள் பாதி ஆளாக நின்றுகொண்டிருந்தாள்.

கதவு குறுக்கே பார்த்தால் வளைவில் திறக்கும். நேரே பார்த்திருந்தால் பிரேக்கில் திறந்திருக்கும். எப்படி வைத்தாலும் கட்டத்தான் வேண்டும். பழைய நைலக்ஸ் சேலை ஒன்றை எடுத்து பிரிட்ஜின் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். அந்த முடிச்சு கடைசிவரை அவிழவில்லை, நாங்களாக அவிழ்த்தால் தவிர.

தை மாதம். சம்பா அறுவடை. ரோட்டில் பாதி நெல் காய்கிறது. மிச்சப் பாதியில்தான் பஸ்ஸும் லாரியும் நாங்களும். எதிரே ஒரு அறுப்பு மெஷின் வந்தது. ரோடு முழுக்க அதுவே அடைத்துக்கொண்டது. நான் ஓரம் கட்டினேன். வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. காலால் நெல் தள்ளிக்கொண்டிருந்த ஆள் ஓடி வந்தார்.

"ஏறிடாதீங்க, ஏறிடாதீங்க. கொள்முதல்ல ஈரப்பதம் பாத்து திருப்பி அனுப்பிட்டான். இன்னிக்குக் காயணும்."

"நெல்லு மேல ஏறலைங்க. வண்டிதான் சாயுது" என்றேன்.

"சாஞ்சா தூக்கி விடுறோம். நெல்லு மேல ஏறுனா அதை என்ன பண்றது?"

நியாயம்தான். செல்வி பின்னால் பிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் தாண்டியதும் நாலு பேர் வந்து வண்டியைத் தள்ளி ரோட்டில் ஏற்றினார்கள். குவைத்தில் மணலில் சிக்கினால் போன் செய்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.

திருவாரூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். பின் கதவு திறந்திருந்தது. வெள்ளையாக பிரிட்ஜ், இடுப்பில் சேலை, முனகல் சத்தம். கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எந்த ஊருக்குக் கொண்டு போறீங்க?"

"அதிராம்பட்டினம்."

"வயசானவங்களா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சாவு வீட்டுக்குப் போகிற பிரீசர் பெட்டி என்று நினைத்துவிட்டார். அதுவும் இப்படித்தான் முனகும்.

"அய்யா, உள்ள இட்லி மாவுங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. சேலையை அவிழ்த்துக் கதவைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தார். டீக்கடைக்காரர் பார்த்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். "வீட்டு பிரிட்ஜா? வேன்லயா?" என்று ஒருவர் போட்டோ எடுத்தார். பெரியவர் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, "நல்ல வேளை. மாலை வாங்கப் பாத்தேன்" என்றார். டீக்கடை முழுக்க சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப என்ன பேச்சு இது" என்றாள் வண்டியில் ஏறியதும். கொஞ்சதூரம் போனபிறகு பின்னாலிருந்து அவளும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு நிறுத்திய இடத்திலெல்லாம் யாராவது கேட்டார்கள். நானும் திறந்து திறந்து காட்டினேன். பெருமைதான்.

வேதாரண்யம் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. உப்பளத்தை ஒட்டி ஒரு வீடு. வாசலில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பெயர் வசந்தா. உப்பளத்தில் வேலை.

"அம்மா, ராத்திரி இங்க நிறுத்திக்கிறோம். கொஞ்சம் கரண்டு வேணும். காசு குடுத்துடுறோம்" என்றேன்.

"கரண்டுக்கு என்ன காசு? ஒயரைக் குடுங்க" என்று ஜன்னல் வழியாக வாங்கி செருகிவிட்டார். செல்வியைப் பார்த்து, "பிரிட்ஜோட சுத்தறீங்களா? நான் பிரிட்ஜ் வாங்கினா வீட்டைப் பூட்டி வைப்பேன்க்கா" என்றார். செல்விக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கடற்கரைக்குப் போனோம். அங்கே கடல் அமைதியாகக் கிடந்தது. செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்கால் வரைக்கும் போனாள். கூப்பிட்டும் வரவில்லை. "இது என்னங்க, நாத்து விட்ட வயல் மாதிரி கால் உள்ள போகுது" என்றாள். இருட்டின பிறகுதான் ஏறினாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ராத்திரிச் சாப்பாடு வசந்தா வீட்டில். மீன் குழம்பு. நிறைய வைத்திருந்தார்.

காலையில் எழுந்து செல்வி சேலை முடிச்சைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. அது பனி இல்லை. மாவு.

அவிழ்த்ததும் கதவு தானாகத் திறந்தது. பாத்திர மூடிகளெல்லாம் மாவின் மேல் மிதந்துகொண்டிருந்தன. தட்டு தட்டாக வழிந்து கீழே காய்கறி டப்பா வரை நிறைந்திருந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை.

"நிறுத்துனியா?" என்றேன்.

"அடுத்தவங்க வீட்டுக் கரண்டு."

"எப்போ?"

"கடலுக்குக் கிளம்பும்போது. ராத்திரி யாரு திறக்கப்போறான்னு நெனச்சேன்."

வீட்டிலும் இதுதான் வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் பிரிட்ஜை நிறுத்திவிட்டுத்தான் படுப்பாள். யூனிட் ஏறக்கூடாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். இங்கே இனாமாகக் கொடுத்தவர்களின் மீட்டர் ஓடுகிறதே என்று கூச்சப்பட்டுச் சாயங்காலமே நிறுத்தியிருக்கிறாள். நானும் யோக்கியன் இல்லை. பகலெல்லாம் கதவைத் திறந்து காட்டினேன். மாவு ஒருமுறைகூட ஒழுங்காகக் குளிர்ந்திருக்காது. வெளியே பனி இருந்தாலும் மூடிய பெட்டிக்குள் மாவின் சூடு அப்படியே நின்றிருக்கிறது.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. "நாளைக்கு இதை வைக்க முடியாது" என்றாள். வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணன் சம்பந்தி வீட்ல சொல்லி வச்சிருக்காரு."

நான் மிதந்த மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டேன்.

சத்தம் கேட்டு வசந்தா வந்தார். பார்த்தார். "நாளைக்கு உள்ளதை அப்புறம் பாப்போம்க்கா. இன்னிக்கு இது வீணாகக் கூடாது. ஊத்துங்க" என்றார்.

வண்டி அடுப்பு ஒன்று, அவர் வீட்டு அடுப்பு ஒன்று. இரண்டிலும் இட்லிப் பானை ஏறியது. உப்பளத்துக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். வசந்தா ஒவ்வொருவராக நிறுத்தினார். தூக்குவாளி மூடியை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். மேலே நேற்றைய மீன் குழம்பு.

"என்னா வசந்தா, விசேஷம்?"

"இவங்க வண்டியில மாவு பொங்கிடுச்சு."

"தைப் பொங்கல் போன வாரமே முடிஞ்சிச்சே."

"இவங்களுக்கு இன்னிக்கு. பேசாம தின்னு."

"புளிப்பு தூக்கலா இருக்கு" என்றார் ஒருவர்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மீன் குழம்புக்கு இதாம்மா எடுப்பு. இன்னும் ரெண்டு போடு" என்று மூடியை நீட்டினார். பக்கத்தில் இருந்த பெண், "அவருக்குப் போட்டது போதும், உப்பு வார ஆள் வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செல்வி இரண்டுக்கு மூன்றாகவே போட்டாள். பானை இறக்க இறக்கக் காலியாயிற்று.

கடைசியில் வசந்தா உள்ளே போய் ஒரு வாளி நிறைய அரிசி கொண்டுவந்தார். ரேஷன் புழுங்கல்.

"இதை ஊறப் போட்டு எடுத்துட்டுப் போங்க. போய்ச் சேந்ததும் ஆட்டுங்க."

செல்வி அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எங்கள் வீட்டில் ரேஷன் அரிசி கோழிக்குத்தான்.

"அக்கா, நான் தினம் இதுலதான் ஊத்துறேன். அரிசியைப் பாக்காதீங்க. உளுந்தைப் பாத்து வாங்குங்க" என்றார் வசந்தா.

உளுந்து மட்டும் கடையில் நல்லதாக வாங்கினோம். கழுவி, பாத்திரங்களில் ஊறப்போட்டு வண்டியில் வைத்தோம். கிளம்பும்போது வசந்தா கல்யாண வீட்டுக்கென்று கொடுவா மீன் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை. பிரிட்ஜைக் கழுவித் துடைத்து மீனை உள்ளே வைத்துச் சேலையைக் கட்டினாள். "ஓட விடுங்க" என்றாள். முனகியது.

இரண்டாம் நாள் வழியெல்லாம் அரிசித் தண்ணீர் தளும்பிக்கொண்டே வந்தது. முத்துப்பேட்டை பக்கத்தில் டயர் பஞ்சர். கடை இருந்தது. ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை. பஞ்சர் ஒட்டுகிறவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பக்கத்துக் கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். செல்வி உட்காரவில்லை. அரிசியை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"அரிசி ஊறிடுச்சு" என்றாள்.

"வந்துடுவாரு."

"இனிமே ஆட்டினா காலைக்குப் பொங்காது. பனிக் காலம்."

பஞ்சர்காரர் வந்தார். விஷயம் தெரிந்ததும், "கல்யாண வீட்டு மாவா? முன்னாடியே சொல்லியிருந்தா பள்ளிவாசலுக்கே ஆள் அனுப்பியிருக்கலாமே" என்று சடுதியில் ஒட்டிக்கொடுத்தார்.

அதிராம்பட்டினத்தில் ஜமால் தெருமுனையிலேயே நின்றிருந்தார். பட்டுக் கைலி, புதுச் சட்டை. வண்டியைச் சுற்றி வந்தார். "அரபி வண்டியேதான் மச்சான்" என்றார். கொடுவா மீன் ஐஸ் கட்டியாக இறங்கியது. அந்த மட்டில் பிரிட்ஜ் வேலை செய்துவிட்டது.

செல்வி நேராகவே சொல்லிவிட்டாள். "அண்ணே, கொண்டு வந்த மாவு போயிடுச்சு. இனிமேதான் ஆட்டணும். காலைல பொங்கும்னு சத்தியம் பண்ண முடியாது."

ஜமால் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, "கிரைண்டர் உள்ள இருக்கு தங்கச்சி" என்றார்.

ஒரு பக்கம் நிக்காஹ். ஒரு பக்கம் கிரைண்டர். வாழ்த்துக்கு வந்த பெண்கள் ஆளுக்கு ஒரு கை தள்ளிவிட்டார்கள். ஆட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லியாயிற்று. கடல் காற்று சில்லென்று அடித்தது. ஜமாலின் சம்சாரம் மாவைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் குளிருக்கு நாளைக்கு மத்தியானம் லுஹருக்குத்தான் பொங்கும் லாத்தா. பரோட்டாவுக்குச் சொல்லி வச்சிரவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

செல்வி வாசலில் நின்ற வேனைப் பார்த்தாள்.

"இந்தாங்க" என்றாள் என்னிடம். "பிரிட்ஜை நிறுத்துங்க."

"என்னது?"

"நேத்து நிறுத்தினதுலதானே அப்படிப் பொங்குச்சு. நிறுத்துங்க. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஒரு அண்டா வேணும்."

இரண்டு நாளாக ஊர் ஊராகத் திறந்து காட்டிய பிரிட்ஜ். நானே சுவிட்சை அணைத்தேன். கதவைத் திறந்து வைத்து, குளிர் முழுக்க வெளியே போகவிட்டாள். கீழ்த்தட்டில் வெந்நீர். மேலே மாவுப் பாத்திரங்கள். கதவை மூடிச் சேலையை இறுக்கிக் கட்டினாள். யாரும் கிட்டே போகக்கூடாது என்றாள்.

ஜமால் பிரியாணித் தட்டோடு வந்தார். "பிரிட்ஜ் எப்படி மச்சான், நல்லா ஓடுதா?"

"நிறுத்தினா இன்னும் நல்லா ஓடும்னு உங்க தங்கச்சி சொல்லுது" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கண் வேன் பக்கமே போனது.

விடிந்தும் விடியாமலும் ஜமால், அவர் சம்சாரம், நான் மூன்று பேரும் வேன் வாசலில் நின்றோம். செல்வி முடிச்சை அவிழ்த்தாள். கதவைத் திறந்தாள். உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்தது. மாவு பாத்திர விளிம்புக்கு மேலே எழும்பி, வழியாமல் நின்றது. ஒரு கரண்டி எடுத்தாள். ஓட்டை ஓட்டையாக இருந்தது. நாக்கில் வைத்தாள்.

"பானையைப் போடுங்க" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அங்கே பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். சஹன் என்று பெயர். இட்லியைக் குவித்து மேலே கடப்பாவை ஊற்றினோம். மாப்பிள்ளையின் வாப்பாதான் முதலில் கை வைத்தார். ஜமால் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊற்ற மறந்து நின்றார்.

"எந்த ஊரு அரிசி இது?" என்றார் அவர்.

ஜமால் என்னைப் பார்த்தார்.

"வேதாரண்யம்" என்றேன்.

"அங்க உப்புல்ல விளையும்" என்றார். தட்டைப் பார்த்து, "தீந்துடுச்சே" என்றார். பக்கத்துச் சஹனில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடையதும் தீர்ந்திருந்தது. ஜமால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். பந்தியில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

ஈடு ஈடாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அடுக்களைக்குள்ளிருந்து செல்வியின் குரல் கேட்டது.

"எல்லாரும் சாப்டாச்சுன்னா எனக்கும் ரெண்டு எடுத்து வைங்க. நேத்துலேருந்து பசி."